எங்கள் ஊர் ஆர்.சி. தொடக்கப்பள்ளி

தென்காசிப் பக்கத்துக் கிராமம், அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறைதான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி, பிள்ளைகள் கற்றிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்து டீச்சர் நடத்துகிறார். அரும்பில் இருந்தவள் இப்போது பஸ் போர்டையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். 2024 ஜூலையிலிருந்து காலைச் சாப்பாடும் அங்கேயே.

நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள். ஜெபத்துக்கு அவளும் கண்ணை மூடி நிற்பாள். மதம் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிசம்பரில் குடிலுக்கு வைக்கோல் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். போன தடவை மாமனாரே போய் மூங்கில் கட்டிக் கொடுத்தார். பொம்மைகளை எடுத்து வைத்ததும், "மாட்டை விட ஆடு பெரிசா இருக்கே சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டார். சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குறை என்றால் பெற்றோர் கூட்டம்தான். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் பீடி சுற்றுகிறவர்கள் எப்படி வருவது? கடையில் கட்டு ஒப்படைக்கிற நேரம் அது. அப்புறம் "அம்மாமார் அக்கறை இல்லை" என்கிறார்கள். சாயங்காலம் வைத்துப் பார்க்கட்டும், திண்ணை நிறையும்.

ஐந்தாம் வகுப்பு வரை இங்கேதான். வேன் காசும் மிச்சம்.