ஜீப்பா, லேண்ட் ரோவரா, லேண்ட் க்ரூஸரா: பழைய வண்டி தேடுகிறவர்களுக்கு

பழைய ஆஃப் ரோடு வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று பெயர்களில் வந்து நிற்கும்: வில்லிஸ் ஜீப், லேண்ட் ரோவர் சீரீஸ், டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 40. மூன்றையும் ஒரே குடும்பம் என்றே சொல்லிவிடலாம். ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் வைத்திருந்தது போரில் மிஞ்சிய ஒரு ஜீப். லேண்ட் ரோவரின் முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மேல்தான் கட்டிப் பார்த்தார்கள். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த வண்டியின் வீல்பேஸ்கூட (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) ஜீப்புக்கு இருந்த அதே 80 அங்குலம். டொயோட்டா 1951இல் செய்த வண்டிக்கு ‘டொயோட்டா ஜீப்’ என்றே பெயர். ஜீப் என்ற பெயர் வில்லிஸுக்குச் சொந்தம் என்று சிக்கல் வந்ததால் 1954இல் அது லேண்ட் க்ரூஸர் ஆனது. லேண்ட் ரோவருக்கு ஒரு படிகூடக் குறையாத பெயராக இருக்க வேண்டும் என்பது அந்தப் பெயரை வைத்தவரின் எண்ணம். பங்காளிச் சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

மூன்றில் எது சிறந்தது என்று குதிரைத்திறனை வைத்துப் பேசுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அரை நூற்றாண்டு ஓடிய வண்டியில் பிறந்தபோது இருந்த எஞ்சின் இருந்தாலே அதிசயம். எஞ்சினைப் பிரித்து மேய்ந்துவிடலாம், வேறு ஒன்று மாட்டலாம். உடம்பு போய்விட்டால்தான் தலைவலி. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம், ஒரு சுத்தியல், ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். இந்த மூன்று வண்டிகளும் எவ்வளவு வேறு வேறு என்பது அப்போதுதான் தெரியும்.

லேண்ட் ரோவரின் பக்கவாட்டில் காந்தம் ஒட்டாது. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகு ரேஷனில் இருந்தது, அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் பாடியைச் செய்தார்கள். இதைக் கேட்டதும் ‘துருவே பிடிக்காத வண்டி’ என்று பலர் ஏமாறுகிறார்கள். பாடிதான் அலுமினியம். சேஸிஸும், டேஷ்போர்டைத் தாங்கும் முன் தடுப்பும் எஃகு. இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். படுத்துக்கொண்டு பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளையும் சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’ என்று மணிபோல் கேட்டால் நல்லது. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஒன்றும் இல்லை, பெயின்ட் மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் யாரிடமும் பேரம் பேசாதீர்கள்.

ஆனால் இந்த வண்டியின் பெரிய குணம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாகங்கள் போல்ட் போட்டு மாட்டியவை. மட்கார்டு நசுங்கினால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். சேஸிஸே போய்விட்டால்கூட நாகமுலாம் பூசிய புது சேஸிஸ் இன்றும் செய்து விற்கிறார்கள். ஓட்டுவதும் ஒரு தனி ருசி. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கர ஓட்டம், சிவப்புக் கம்பியை இழுத்தால் தாழ் கியர். 1958இல் வந்த சீரீஸ் 2, 1961இன் 2ஏ இரண்டிலும் முதல் இரண்டு கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாது. ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்கும் டபுள் கிளட்ச் பழகாதவர்களுக்குப் பல்சக்கரம் கடகடவென்று திட்டு விடும். 1971இல் வந்த சீரீஸ் 3இல் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கிரில் பிளாஸ்டிக் ஆகிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் பழைய வண்டி வாங்குகிறவருக்கு நான் 2ஏ அல்லது 3, அதுவும் 88 அங்குல வீல்பேஸ் வண்டியைத்தான் சொல்வேன். பின் ஆக்சில் ஷாஃப்ட் கொஞ்சம் நோஞ்சான், ஆக்ரோஷமாக ஓட்டினால் முறியும். அவ்வளவுதான்.

லேண்ட் க்ரூஸரில் அதே காந்தம் எதிர்வேலை செய்யும். இங்கே ஒட்டவில்லை என்றால் பயப்படுங்கள், உள்ளே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலைகள், பின் கதவின் அடிப்பட்டை, கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாய், இந்த நான்கு இடமும் எஃப்ஜே40 என்கிற இந்த லேண்ட் க்ரூஸர் 40இன் தீராத வியாதி. கூரை ஃபைபர் கிளாஸ், அங்கே காந்தம் ஒட்டாதது இயல்பு.

உடம்புதான் இப்படி. எஞ்சின் விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர். எழுபதுகளின் நடுவில் 4.2 லிட்டர் ஆனது. 1951இலேயே இதன் மூதாதை ஃபூஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏறிக் காட்டியது. நெடுஞ்சாலையில் லாரிகளோடு சேர்ந்து போக வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி. பெட்ரோல் செலவைக் கேட்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில் செய்த வண்டி கிடைத்தால் விடாதீர்கள்: நான்கு கியர், முன் டிஸ்க் பிரேக், பெரிய எஞ்சின் மூன்றும் சேர்ந்து வரும். 1960இல் தொடங்கி 1984 வரை இந்த வரிசை ஓடியது என்பதால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

வில்லிஸ் ஜீப்பைப் பொறுத்தவரை கேள்வியே வேறு. துருவைவிட ‘இது அதுதானா?’ என்பதுதான் பெரிய கவலை. போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். பிறகு பிரான்சில் ஹாட்ச்கிஸ் கம்பெனி உரிமம் வாங்கி அதே உருவத்தில் செய்தது. 1945இல் வந்த சிவில் வண்டியான சிஜே-2ஏவுக்கு ராணுவப் பச்சை பூசி ‘போரில் ஓடியது’ என்று விற்கிறவர்களும் உண்டு. கிரில்லை எண்ணுங்கள்: எம்பி என்கிற வில்லிஸின் ராணுவ ஜீப்புக்கு ஒன்பது துளை, சிஜேவுக்கு ஏழு. பின்னால் திறக்கும் கதவு இருந்தால் அது சிவில் வண்டி. ராணுவ வண்டியில் அங்கே ஸ்டெப்னியும் பெட்ரோல் கேனும் தொங்கும். பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டைத் திருப்பிப் பாருங்கள், எம்பியில் அது கீலில் திரும்பி எஞ்சினுக்கே வெளிச்சம் காட்டும். ஃபோர்டு செய்ததா என்ற சந்தேகம் வந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ப வடிவம். ஃபோர்டின் போல்ட் தலைகளில் குட்டியாக ஓர் எஃப் எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்காகவே போல்ட் தேடி அலைகிற கூட்டம் இருக்கிறது, அவர்களிடம் மாட்டினால் பொழுது போவதே தெரியாது.

ஓட்டுவதற்கு? 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், மூன்று கியர், கதவு கிடையாது. மண் பாதையில் ஆடு மாதிரி துள்ளி ஏறும். நெடுஞ்சாலைப் பயணம் பாவம், அதை வற்புறுத்தாதீர்கள்.

எதை வாங்கினாலும் பளபளவென்று புதுப்பித்த வண்டியைவிட, மங்கிப்போன சொந்த பெயின்ட்டோடு நிற்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புது பெயின்ட் எதையும் மறைக்கும். பழைய பெயின்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தீயணைப்புத் துறையில் இருந்த லேண்ட் ரோவர்களைத் தேடுகிறவர்கள் விவரமானவர்கள். பெரும்பாலான நாட்கள் கொட்டகைக்குள்ளேயே நின்றிருக்கும், ஓடிய தூரம் குறைவு. தண்ணீர்த் தொட்டி சுமந்த ஸ்பிரிங்குகளை மட்டும் கவனித்தால் போதும்.

இந்த மூன்றுக்கு வெளியே போகிறவர்களுக்கு 1966 முதல் 1977 வரை வந்த முதல் ஃபோர்டு பிராங்கோவும், இன்டர்நேஷனல் ஸ்கவுட்டும் இருக்கின்றன. ஸ்கவுட்டில் துருவைத் தேடவே வேண்டாம், அதுவே எதிரே வந்து நிற்கும். பிராங்கோவில் பெரிய டயர் மாட்டுவதற்காகப் பின் மட்கார்டு வளைவை வெட்டித் தள்ளியிருப்பார்கள். வெட்டாத வண்டி கிடைத்தால் விற்பவருக்கு அதன் அருமை தெரியுமா என்று முதலில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.