கரிமூட்டமா, ரிட்டார்ட்டா?

சீமைக் கருவேல விறகு நிறைய இருக்கிறது, எந்த முறையில் கரியாக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இது. அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்: காற்றை அடைத்து விறகைச் சூடாக்குவது. மூட்டம் என்றால் விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளேயே தீ வைப்பது. ரிட்டார்ட் என்றால் மூடிய கலனுக்குள் விறகை வைத்து, வெளியிலிருந்து சூடாக்குவது.

செலவு
மூட்டம்: மண், தழை, ஆள்கூலி. அவ்வளவுதான்.
ரிட்டார்ட்: மூடிய இரும்புக் கலன், அடுப்பு, குழாய். முதலீடு பெரிது.

கரி
மூட்டம்: விறகிலேயே ஒரு பங்கு எரிந்து சூடு தருவதால், 100 கிலோ காய்ந்த விறகுக்குப் பொதுவாக 10 முதல் 20 கிலோ.
ரிட்டார்ட்: வெளிவரும் வாயுவையே அடுப்பில் எரிக்கலாம், 30 கிலோ வரை கிடைக்கும்.

புகை
மூட்டம்: ஊருக்கே போகும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது தனி.
ரிட்டார்ட்: குளிரவைத்தால் பழுப்பு நீராகும். அதில் அசிட்டிக் அமிலம், மெத்தனால், கொஞ்சம் அசிட்டோன், கூடவே தார். ஒரு காலத்தில் உலகின் மெத்தனாலே இப்படித்தான் வந்தது. 1923இல் ஜெர்மனியில் செயற்கை மெத்தனால் ஆலை வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அதனால் மெத்தனால் விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கனவு வேண்டாம், அது விஷமும்கூட. அந்தப் பழுப்பு நீரில் தாரைத் தெளியவைத்துப் பிரித்தால் மிஞ்சுவது மரக்காடி, அதை நீர்த்து விவசாயத்துக்கு விற்கப் பார்க்கலாம்.

உழைப்பு
மூட்டம்: மண் விரிசல் விட்டால் கரி சாம்பலாகும், இரவும் கண் வைக்க வேண்டும்.
ரிட்டார்ட்: காவல் குறைவு. ஆனால் அமிலம் சாதா இரும்பை அரிக்கும், குளிர்விக்கும் குழாயாவது துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

வருடத்தில் ஓரிரு முறை காட்டைத் திருத்துபவருக்கு மூட்டமே சரி. விறகு தொடர்ந்து வரும், மரக்காடி வாங்க ஆள் உண்டு என்றால் ரிட்டார்ட். வாங்க ஆள் இல்லாவிட்டாலும், வீடுகளுக்கு அருகில் என்றால் என் ஓட்டு ரிட்டார்ட்டுக்குத்தான்.