செந்தூல் சனிக்கிழமை வகுப்பு: புதிய தன்னார்வலர்களுக்கான அறிமுக நாள் எப்படி?

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அறிமுக நாள் வைக்கிறார்கள். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் தாராளமாகப் போங்கள், ஆனால் அரை நாளை முழுசாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் இழுவைதான். அமைப்பு வளர்ந்த கதை, நன்கொடையாளர் பட்டியல், நன்றியுரை. அதையெல்லாம் ஒரு தாளில் அடித்துக் கையில் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பேசினார், அதற்காகவே போகலாம். ஆறு வருஷம் தமிழில் கணக்கு போட்ட பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதலாம் படிவத்தில் அதே கணக்கை மலாயில் பார்க்கிறது, கணக்கு தெரிந்தும் கேள்வி பிடிபடாமல் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது, நாம் போய் உட்கார்ந்து மறுபடி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் அதன் மனசு என்னாகும் என்று கேட்டார். ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்ட பிறகு, பிள்ளை எங்கே பின்தங்கியது என்று பல வீடுகளில் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிகிறதாம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் சான்றிதழுக்கோ மலாயும் வரலாறும் தேறியே ஆகவேண்டும். அதனால் முதல் நாள் பாடமே நடத்தாதீர்கள், ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள் என்றார். எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு உருப்படியான ஒரு வரி கேட்டதில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியும் மழுப்பாமல் பேசினார்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. வீட்டில் அடிக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்கு கொடுக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்லவேண்டும். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே எண் 15999ஐயும் அங்கேயே கைப்பேசியில் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் நான் கறார். இதைச் சொல்லித்தராத வகுப்பில் யாரும் சேரவேண்டாம்.

முதல் சில வாரம் பழைய தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் விடுவார்கள், தனியாகக் குழு கிடைக்காது. சிலருக்கு இது எரிச்சல். எனக்குச் சரியாகப் பட்டது, ஏனென்றால் ரெண்டு வாரம் வந்துவிட்டு மறையும் அக்கா அண்ணன்களை அந்தப் பிள்ளைகள் நிறையவே பார்த்துவிட்டார்கள்.

பெரிய குறை அதற்குப் பிறகுதான். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, எந்த வாரம் யாரோடு உட்காரவேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நாமாகக் கேட்டால்தான் பதில் வருகிறது. ஆர்வத்தோடு வந்த கூச்ச சுபாவக்காரர்கள் இந்த இடத்தில்தான் நழுவிப்போகிறார்கள், ஒரே ஒரு போன் போட்டிருந்தால் இருந்திருப்பார்கள். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், எல்.ஆர்.டி ரயிலில் வருவதே நிம்மதி.