சன் பணிநிலையத்தில் விண்டோஸ் நிரல்கள்: வாபி எப்படி?

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 போன்ற பழைய சன் கணினியைப் பராமரிப்பவர்கள், அதில் எக்செல் கோப்பைத் திறக்க வழி கேட்டால் நான் தயங்காமல் வாபியைச் சொல்வேன். விண்டோஸ் நிரல்களை யூனிக்ஸில் ஓடவைக்க 1993-இல் சன் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் இது. ஒரு கணினியைப் போல இன்னொன்றை நடிக்கவைக்கும் வேறு பல எமுலேட்டர்களோடு மல்லுக்கட்டிய பிறகும் எனக்கு இதன் மேல்தான் பிரியம்.

காரணம், இது எடுத்துக்கொண்ட வழி. இன்சிக்னியாவின் சாஃப்ட்பிசி ஒரு முழு பிசியையே மென்பொருளில் கட்டி எழுப்புகிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் உண்டு, நினைவகம் உண்டு, யூனிக்ஸ் கோப்பு ஒன்றே வன்தட்டாக நடிக்கிறது. வாபி அவ்வளவு தூரம் போவதில்லை. நிரல் விண்டோஸிடம் "ஒரு கோடு வரை" என்று கேட்டால், அந்த அழைப்பை அப்படியே, யூனிக்ஸில் சாளரங்களை வரையும் எக்ஸ் விண்டோ அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. வரையும் வேலையை சன் கணினியின் ஸ்பார்க் சிப் தன் சொந்த வேகத்தில் செய்கிறது. அதனால் எக்செல் தாள் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாளரமாகத் திறக்கிறது. வாபியை ஓரிடத்தில் ஓடவிட்டு, அதன் திரையை வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினியில் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பிசியில் விண்டோஸுக்கே இல்லாத வசதி!

மெனுக்கள் சட்டென்று விரிகின்றன, பக்கத்தை உருட்டினாலும் திணறுவதில்லை. ஆனால் சூத்திரங்கள் நிறைந்த தாளில் மறுபடி கணக்கிட எஃப்9 விசையை அழுத்தினால் பாரம் தெரிந்துவிடும். கணக்கிடும் பகுதி இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு கட்டளையும் ஸ்பார்க் கட்டளைகளாக மாற வேண்டும். இன்டெல் சிப் ஓர் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும், ஸ்பார்க் முதல் பைட்டை முதலில் வைக்கும். நான்கு பைட் எண்ணை எடுக்கும்போதெல்லாம் பைட்டுகளை முன்பின்னாகத் திருப்பியாக வேண்டும். போதாக்குறைக்கு, இன்டெல் சிப் ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடை சுழியா, மிகுதி உண்டா என்று கொடிகள் எனப்படும் ஒற்றை பிட்டுகளில் குறித்துவைக்கும். அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் விடை சரியாக வருவதே பெரிய பொறியியல் என்று நினைக்கிறேன். சன்னின் யூனிக்ஸான சோலாரிஸ் இன்டெல் சிப்பில் ஓடும்போது இந்த மொழிபெயர்ப்பு வேலையே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 3.1 தனியாகக் கையில் இருக்க வேண்டும். சோதித்துச் சான்றளிக்கப்பட்ட நிரல்களின் பட்டியலுக்கு வெளியே போனால் உத்தரவாதம் கிடையாது. விண்டோஸ் 95-க்காக எழுதப்பட்ட 32 பிட் நிரல்கள் ஓடவே ஓடாது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் நிரல்களுக்குத் தனி எமுலேட்டர் வேண்டும்.

டாஸ் விளையாட்டுகள்தாம் உங்கள் நோக்கம் என்றால், இன்டெல் வகையைச் சேர்ந்த உண்மையான 486 சிப்பையே சுமந்து வரும் சன்பிசி அட்டையைத் தேடுங்கள். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறந்து வேலை பார்க்க வாபி போதும்.