3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ஒப்பீடு

என்விடியாவின் இரண்டு கிராஃபிக்ஸ் காட்களில், கேம் மட்டும் விளையாடுகிறவர் என்றால் 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060, வீடியோ எடிட்டிங்கோ ப்ளெண்டரில் 3டி வேலையோ செய்து அதில் உழைக்கிறவர் என்றால் 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்டான்லி வீதிப் பக்கம் விசாரித்துக்கொண்டு திரிகிற பெடியளுக்கு "புதுசுதானே திறம், அதை எடுங்கோ" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அது பாதிதான் சரி. என்னுடைய மெஷினில் 3060, தம்பியின் மெஷினில் 4060. இரண்டையும் மாற்றிப் பூட்டி வேலையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் இருக்கிற எண்களைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். 2021 பெப்ரவரியில் வந்த 3060இல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் அலகுகள்), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), செக்கனுக்கு 360 ஜிபி பேண்ட்வித் (அந்தப் பாதையில் போகக்கூடிய தரவு). 2023 ஜூனில் வந்த 4060இல் கோர் 3072தான், பஸ் 128 பிட், பேண்ட்வித் 272 ஜிபி. வெளியீட்டு விலைகூட 329 டொலரில் இருந்து 299க்கு இறங்கியது. இவ்வளவும் குறைந்தும் 1080பியில் 4060தான் முன்னுக்கு நிற்கிறது, கேமைப் பொறுத்து ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். காரணம் இரண்டு. சிப் தயாரிப்பு சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையை விட்டு தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்துக்கு மாறியதால் பூஸ்ட் வேகம் (லோடில் சிப் ஏறுகிற வேகம்) 1777 மெகாஹேர்ட்ஸில் இருந்து 2460க்கு ஏறிவிட்டது. மற்றது, சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சின்ன மெமரி 3 எம்பியில் இருந்து 24 எம்பி ஆகிவிட்டது. அடிக்கடி தேவைப்படும் சாமான் குசினித் தட்டிலேயே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கு ஓடத் தேவையில்லை அல்லவா, அதே கதைதான்: மெமரிக்குப் போகும் தடவைகள் குறைவதால் ஒடுங்கிய பஸ் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் 1440பி, 4கே என்று ரெசலூஷன் ஏற ஏற அந்த 24 எம்பி போதாமல் போய், 128 பிட் தன் குணத்தைக் காட்டும்.

இங்கே இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கரண்ட். 3060 எடுப்பது 170 வாட், 4060 வெறும் 115 வாட். எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் 650 விஏ யூபிஎஸ்தான், அதில் உண்மையாக வருவது 360 முதல் 390 வாட் அளவு. 3060ஐ முழு லோடில் விட்டு, மொனிட்டரும் அதே யூபிஎஸ்ஸில் இருந்து, அந்த நேரம் பார்த்து கரண்டும் போனால் யூபிஎஸ் விடாமல் கத்தத் தொடங்கும், பற்றறி பழசாக இருந்தால் மெஷின் அப்படியே நிற்கும், ஓடிக்கொண்டிருந்த ரெண்டர் (முடிவு வீடியோவை உருவாக்கும் வேலை) போனது போனதுதான். 4060இல் ஃபைலைச் சேவ் பண்ணி ஒழுங்காக நிறுத்துவதற்கு நேரம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் லோடில் ஓடினால் 55 வாட் வித்தியாசம் மாதத்துக்கு ஏறக்குறைய 10 யூனிட். பில் அடுத்த படிக்கு ஏறுகிற எல்லையில் இருப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு இல்லை. சித்திரை வெயிலில் அறைக்குள் சூடு குறைவதும், ஃபேன் சத்தம் அடங்குவதும் இதோடு சேர்ந்து வருகிற நன்மை.

சரி, பிறகு ஏன் 3060ஐச் சொல்கிறேன்? அந்த 12 ஜிபிக்காக. கலியாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன், இரண்டு மூன்று கமராவின் ஃபுட்டேஜ், மேலே கலர் திருத்தும் நோடுகள், ஓரிரு எஃபெக்ட். தாலி கட்டுகிற இடத்தில் ஸ்லோமோஷனும் போட்டு ப்ளேயை அழுத்தினால் 8 ஜிபி 4060இல் "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது, டைம்லைன் ரெசலூஷனைக் குறையுங்கள்" என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது. அதே புரொஜெக்ட், அதே இடம், 3060 நின்று யோசிக்காமல் போகிறது. ப்ளெண்டரில் கனமான சீனும் அப்படித்தான், மெமரிக்குள் அடங்கினால் 4060 வேகமாக முடிக்கும், அடங்காவிட்டால் அந்த வேகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. வேலை செய்கிற ஆளுக்கு வேகத்தைவிட வேலை முடிவதுதான் முக்கியம்.

கேமிலும் 8 ஜிபிக்கு மூச்சு முட்டுகிற இடம் இருக்கிறது. 2023க்குப் பிறகு வந்த பெரிய கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்ச்சரை அல்ட்ராவில் வைத்தால் சுவரும் நிலமும் மங்கலாகத் தெரிந்து, பிறகு மெதுவாகத் தெளிகிறது. ஹையில் வைத்தால் பிரச்சினை இல்லை. வலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுகிறவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

4060க்கு மட்டும் உள்ள டிஎல்எஸ்எஸ் 3 ஃப்ரேம் ஜெனரேஷனை, அதாவது கேமின் ஃப்ரேம்களுக்கு நடுவில் காட் தானே ஃப்ரேம் செய்து செருகுவதை, பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். ஏற்கனவே நல்ல ஃப்ரேம் வருகிற கேமில் அது அழகாக இருக்கும். 30இல் இழுபடுகிறதை 60 என்று காட்டினாலும் மௌஸில் அந்த 30தான் தெரியும், அதுவும் இருக்கிற 8 ஜிபியில் கொஞ்சத்தைத் தானும் எடுத்துக்கொள்ளும். நான் அதற்காகக் காசு கொடுக்க மாட்டேன். ஏவி1 என்கோடர், அதாவது வீடியோவைக் குறைந்த டேட்டாவுக்குள் சுருக்கும் பகுதி, வேறு விஷயம். மண்டபத்தில் இருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சடங்கு லைவ் போடுகிறவர்களுக்கு, 4ஜியில் கிடைக்கிற கொஞ்ச அப்லோடிலேயே முகம் தெளிவாகப் போய்ச் சேர அது கை கொடுக்கிறது. 3060 ஏவி1ஐப் பார்க்க மட்டும்தான் விடும், அதில் பதிவு செய்யாது. லைவ்தான் உங்கள் தொழில் என்றால் நான் முதலில் சொன்னதை விட்டுவிட்டு 4060ஐ எடுங்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: மதர்போர்டோடு பேசுகிற பிசிஐஇ பாதையில் 4060 8 லேனில்தான் ஓடும், 3060க்கு 16 லேன். மதர்போர்ட் பழைய பிசிஐஇ 3.0 என்றால் மெமரி நிரம்புகிற கேம்களில் 4060 இன்னும் தடுமாறும். 5060 வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அது வேகம்தான், ஆனால் 145 வாட், மெமரி அதே 8 ஜிபி, ஆகவே எடிட்டிங் ஆட்களின் தலையிடி மாறவில்லை.

செகண்ட் ஹாண்ட் 3060 எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் காட்களை ஓடவிட்டு எதீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கிற மைனிங் நின்றபோது கழித்துவிட்ட காட்கள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன, அதனால் அரை மணித்தியாலமாவது முழு லோடில் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். மற்றது, 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி காட் ஒன்றும் இருக்கிறது, பஸ் 128 பிட், பேண்ட்வித் 240 ஜிபி. பெட்டியை நம்பாமல் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 12 ஜிபியும் 192 பிட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டாவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.