லீசுக்கு வீடு தேடுகிறீர்களா? பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள்

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், ராயப்பேட்டைப் பக்கம் லீசுக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு நிறுவனம் நின்றுகொண்டு லீசுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்குகிறது என்றால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நாங்கள் ஏழு லட்சத்தைப் பறிகொடுத்துவிட்டு, அதே வீட்டுக்கு இப்போது மாதம் 18,000 ரூபாய் வாடகையும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

லீசு முறையில் தவறு ஒன்றுமில்லை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். கடனில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாப் பணம், நமக்கு வாடகையில்லா வீடு. என் பெற்றோர் மீர்சாகிப்பேட்டையில் பல வருடம் அப்படித்தான் குடியிருந்தார்கள். காலி செய்த அன்று ஒரு பைசா குறையாமல் பணம் கைக்கு வந்தது. ஆனால் அவர்கள் பணத்தைக் கொடுத்தது வீட்டுக்காரரின் கையில்.

எங்களால் திருவல்லிக்கேணிப் பேட்டையை விட்டுப் போக முடியாது. மனைவிக்குக் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. இரவுப் பணி முடிந்தால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். பையனின் பள்ளி, அம்மாவுக்குப் பார்த்தசாரதி கோயில், காய்கறிக்கு ஜாம்பஜார் எல்லாம் கூப்பிடு தூரத்தில். எல்லோருக்கும் இதே கணக்குதான் என்பதால் சுவரோடு சுவர் ஒட்டிய இந்தச் சந்துகளில் ஒரு வீடு காலியானால், டூ-லெட் பலகை மாட்டுவதற்குள் ஆள் வந்து நிற்கிறது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று ஓர் அளவு சொல்கிறது. அதை இங்கே எடுத்துச் சொன்னால், 'அப்படியானால் அந்தச் சட்டத்திலேயே போய்க் குடியிருங்கள்' என்பார்கள்.

வீட்டுக்காரர்களில் பலர் இப்போது இங்கே இல்லை. சந்துக்குள் கார் நுழையாது என்று மடிப்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் போய்விட்டார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை ஆகாத வீடுகள் வேறு. வாடகை வசூலையும் குழாய் ரிப்பேரையும் யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் இவர்கள் நினைக்கிறார்கள். 'வீட்டைப் பராமரிக்கிறோம், மாதாமாதம் வாடகை உங்கள் கணக்குக்கு வந்துவிடும்' என்று சொல்லிக்கொண்டு நிறுவனங்கள் நுழைவது இப்படித்தான். நடுவில் புகுந்து குத்தகை பேசுகிறவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்களும் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் 1676-இல் கோல்கொண்டா சுல்தானிடம் ஆண்டுக்கு 50 பொன் வராகன் பேசித் திருவல்லிக்கேணி கிராமத்தையே குத்தகைக்கு எடுத்தார்கள். பிறகு நடந்தது தெரிந்ததுதானே.

எங்களுக்குக் காட்டிய வீடு பாரதி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடி. படிக்கட்டில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஜன்னல் கம்பிகளைக் கடல் காற்று தின்றிருந்தது. கை வைத்தால் துரு உதிர்ந்தது. ஆனால் தரைத்தொட்டியில் மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக விழுந்தது, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருந்தது. இந்தப் பேட்டையில் இவை இரண்டும் ஒரே வீட்டில் அமைவது பெரிய கொடுப்பினை. தனி மீட்டர் இல்லாத இடங்களில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் போடுவதுதான் கணக்கு; அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசம் குடியிருப்பவர் கண்ணிலேயே படாது.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர் ஒருவர் நிறுவனத்தின் சார்பில் வந்தார். ஏழு லட்சம், இரண்டு வருடம் என்றார். அதே சந்தில் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசினால் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது. 'பல வீடுகளை மொத்தமாக எடுப்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது' என்று விளக்கமும் சொன்னார்.

கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு நிறுவனம் மாதம் 18,000 ரூபாய் கொடுக்கிறது. வருடத்துக்கு 2,16,000. என்னிடம் வாங்கிய ஏழு லட்சத்தை முதலாக வைத்து இதைச் சம்பாதிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வருமானம் வர வேண்டும். வங்கியில் 7 விழுக்காட்டுக்குப் போட்டால் கிடைப்பது 49,000. மீதி 1,67,000 எங்கிருந்து வரும்? என் முதலிலிருந்துதான். என் பணத்தை எடுத்தே என் வீட்டுக்கு வாடகை கட்டுகிறார்கள். நான் காலி செய்யும்போது எனக்குத் தர வேண்டியதை அடுத்து வருகிறவரிடம் வாங்க வேண்டும். புதிதாக ஆள் சேருகிற வரைக்கும் ஓடும், நின்ற மாதம் கவிழும். நிறுவனத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் 'அந்தக் கம்பெனி மோசம், இது நல்ல கம்பெனி' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் விஷயத்தில் அது கவிழ்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. மூச்சு வாங்கப் படியேறி வந்த பெரியவர் ஒருவர், இந்த வீட்டின் உரிமையாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"மூன்று மாதமாக வாடகை வரவில்லை தம்பி. கம்பெனிக்காரன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். நீங்கள் அவனிடம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா, இல்லையா?"

"எந்த வாடகை சார்? நாங்கள் லீசுக்கு அல்லவா இருக்கிறோம்?"

"லீசா? யாரைக் கேட்டு?"

அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையிலிருந்த பையைத் திறந்து காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். நான் எங்களுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவரிடம் இருந்தது பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். குடியிருப்பவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர். எங்களிடம் இருந்தது இரண்டு வருட லீசு ஒப்பந்தம். முத்திரைத்தாளில் நோட்டரி முத்திரை, 'உரிமையாளருக்காக' என்ற இடத்தில் நிறுவனத்தின் கையெழுத்து. உரிமையாளர் தன் சார்பில் செயல்பட நிறுவனத்துக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் முதல் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மட்டும்தான் எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். நடுப்பக்கங்கள் தலைமை அலுவலக லாக்கரில் இருக்கின்றனவாம். அந்த நடுப்பக்கம் பெரியவரின் பையில் இருந்தது. வாடகைக்கு ஆள் வைக்கலாம், வாடகை வசூலிக்கலாம், பழுது பார்க்கலாம் என்று மூன்று வரிகள். லீசுக்கு விடவோ மொத்தத் தொகை வாங்கவோ அதிகாரம் தரும் ஒரு சொல் அதில் இல்லை. பவர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதற்குப் பவர் என்று முழுப் பத்திரத்தையும் வாங்கிப் படியுங்கள். எழுதிக் கொடுத்தவர் அதை ரத்து செய்யவும் முடியும். அவர் இறந்துபோனால் பொதுவாக அதுவும் காலாவதி.

நிறுவனத்தின் அலுவலகம் அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம்: ராயப்பேட்டை, சூளைமேடு, பெரம்பூர். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தவர்கள், நகையை விற்றுக் கொடுத்தவர்கள். எங்களை அங்கே அழைத்துப்போன புரோக்கர் இன்றும் தெருமுனை டீக்கடையில்தான் நிற்கிறார். கேட்டால், 'எனக்கும் கமிஷன் பாக்கி சார்' என்கிறார்.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். பல பகுதிகளில் நடந்த பெரிய தொகை என்பதால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஊரே 420 என்று சொல்லிப் பழகிய மோசடிச் சட்டப்பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது. எண் எதுவானாலும் காத்திருப்பது நாங்கள்தான். விசாரணை நடக்கிறது என்கிறார்கள். பெரியவர் நல்ல மனிதர். சாமானைத் தூக்கி வெளியே போடவில்லை. ஆனால் அவருக்கும் அந்த வாடகைதான் மருந்துச் செலவு. எனவே இப்போது அவருடன் நேரடி வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

லீசுக்குத்தான் போவது என்று முடிவெடுத்தவர்கள் சொத்துவரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம்; வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து அது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுக்க வந்தால் லீசுக்காரர் பாடு திண்டாட்டம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் நேரில் வரட்டும், பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகட்டும். பதிவுச் செலவு அதிகம் என்று இழுப்பார்கள். அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மழுப்பினால் வேறு வீடு பார்க்கலாம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட நிறுவனத்தின் லீசில் குடியிருப்பவர்கள் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மின் கட்டண அட்டையிலோ வரி ரசீதிலோ இருக்கும் பெயரை வைத்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். நிறுவனம் அவருக்கு மாதாமாதம் எவ்வளவு கொடுக்கிறது, கடைசியாக எந்த மாதத்துக்குக் கொடுத்தது என்ற இரண்டையும் இன்றைக்கே கேளுங்கள். பாக்கி என்று சொன்னால் ஒப்பந்தம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், நிறுவனத்தோடு நடந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, முடிந்தால் அந்த வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போங்கள்.