பாமசிக்கு 3 கேவிஏ பெற்றோல் மின்பிறப்பாக்கி: காசு பெறுமா?

2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் வாங்கியது. யாழ்ப்பாணத்தில் என்னுடையது சின்னப் பாமசி. லைட்டும் ஃபேனும் இல்லாவிட்டால் சமாளிக்கலாம், ஆனால் இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்தே ஆகவேண்டும், வெக்கையில் அது பழுதாகிவிட்டால் பார்வைக்குப் பெரும்பாலும் தெரியாது, ஊசி போட்டும் சீனி இறங்காமல் கிடக்கிற நோயாளிதான் அனுபவிப்பார்.

இயந்திரம் நல்லது, தயங்காமல் சொல்வேன். குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் ஸ்டார்ட் ஆகிற நேரம் ஓடுகிறபோது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் பெட்டியில் எழுதியிருக்கிற வாற்றைப் பார்த்து மட்டுமட்டாக வாங்காதீர்கள். இது ஒரு பெட்டியையும் கணினியையும் நாலைந்து லைட்டையும் சிரமமில்லாமல் தாங்குகிறது.

சத்தம்தான் பெரிய குறை. இந்த வகை இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால்தான் நம் கரண்டுக்கு வேண்டிய 50 ஹேர்ட்ஸ் வரும், ஆகவே ஒரு பல்ப் மட்டும் எரிந்தாலும் அதே இரைச்சல். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது, அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. கையில் காசு இருந்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரை எடுங்கள், சுமை குறைந்தால் அதன் வேகமும் குறையும், பெற்றோலும் மிச்சம்.

அப்புறம் எரிபொருள். அரைச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும். 2022 மே 24 இல் ஒக்ரேன் 92 பெற்றோல் 420 ரூபா, ஜூன் 26 இல் 470. விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெற்றோல் ஷெட்டில் கானுக்கு அடிக்கக்கூடாது என்று தடை போட்டதுதான் கொடுமை. பதுக்கலைத் தடுக்க என்றார்கள், சரி, ஆனால் மருந்துக் கடைக்காரன் ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க முடியுமா? கரண்டும் இல்லை, நாங்களே கரண்ட் எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து குழாய் போட்டு இறக்கித்தான் ஓட்டினோம். பெட்டிக் கதவைத் திறக்காமல் வைத்து, தெர்மோமீற்றரைப் பார்த்துப் பார்த்து, ஏறத் தொடங்கினால் மட்டும் போடுவோம். தொடர்ந்து ஓட்டத் தேவையில்லை.

வாங்கிய கடை ஓயில் மாற்றுவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதல் 20 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்றவேண்டும், பிறகு 100க்கு ஒருமுறை, கையேட்டில் இருக்கிறது. சும்மா நிற்கும் காலத்தில் எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற காபரேற்றரில் பெற்றோல் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். நான் வடித்து வைத்திருந்தபடியால் 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோதும், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் நின்றதால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டியபோதும் பெட்டி சூடேறவில்லை.

வாங்குகிறவர்கள் வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். அது இல்லாமல் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் நேரே குத்தினால் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போகும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் செத்துப்போவார். கடைக்குள்ளேயும் வைத்து ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு மணமே கிடையாது.